பங்குமனை தூங்குகிறது

கல்லறைத் திருநாள் கழிந்த செவ்வாய்க்கிழமை,
மணிக்கூண்டின் அடியிலிருந்து.

என் அக்காள் பெற்ற ஒரே மகனும், இந்தத் தீவின் பங்குச்சாமியும், டாக்டரம்மாவின் கட்டளைப்படி தற்சமயம் எந்த வேலைக்கும் ஆகாதவனுமாகிய அன்புள்ள லோவ்ரேக்கு, உன் தாய்மாமனும், இக்கோயிலில் மணியடிக்கும் கோயில்பிள்ளையும், ஆட்ரியாட்டிக் கடலின் அத்தனை தீவுகளிலும் அழகான மீசைக்குச் சொந்தக்காரனுமாகிய பார்துல் எழுதிக்கொள்வது. நான் நலம். என் முழங்கால் நலமில்லை. அது உனக்குத் தனியாகக் கடிதம் எழுதும்.

இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். இதை வலது கையை நெஞ்சில் வைத்து, இடது கையில் பேனாவுடன், உறுதிமொழியாகவே தருகிறேன். ஆயர் நம்பமாட்டார். உன்னைக் காவல் காக்கும் மடத்துத் துறவிகள் நம்பமாட்டார்கள். நீயும் நம்பப்போவதில்லை, நடக்கப் பழகிய நாளிலிருந்தே மாமன் சொல்வதைப் பாதியாக வெட்டிக் கேட்டு வளர்ந்த பிள்ளை நீ. பரவாயில்லை, நம்பாமலே படி. ஆனால் கடைசிவரை படி. படித்து முடிக்கும்வரை பெட்டியைக் கட்டாதே.

பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். நீ போட்ட அஞ்சலட்டை நேற்று வந்தது. உன் சீட்டாட்டக் கூட்டாளி குஸ்மாவின் படத்தைப் பேப்பரில் பார்த்தாயாம். அவர் உயிர் போகும் நேரத்தில் நீ மடத்தில் போர்வையை இழுத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாயாம். இனி அங்கே உன்னால் இருக்க முடியாதாம். சனிக்கிழமைக் கப்பலில் வருகிறாயாம். கீழே கையெழுத்து. மேலே "அன்புள்ள மாமா" என்றுகூட இல்லை.

உன் கைபேசியை ஆயர் வாங்கித் தன் மேசைக்குள் பூட்டிவிட்டார் என்ற தைரியத்தில் இருந்தேன். செய்தித்தாளை மறந்துபோனேன். எந்த வீட்டிலும் பேப்பரைப் பின்பக்கத்திலிருந்து, செத்தவர்களின் படங்களிலிருந்துதானே நம் ஆட்கள் படிக்கத் தொடங்குகிறார்கள்? அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டு உனக்குக் கொடுக்கும்படி துறவிகளிடம் சொல்லியிருக்க வேண்டும். அது என் தவறு.

ஆனால் ஒன்று சொல்கிறேன். நீ மயங்கி விழுந்த அன்று டாக்டரம்மா பேசியது உனக்குக் கேட்டிருக்காது. அப்போது உன்னைக் கடற்கரைத் தெருக் கல்லில் கிடத்தியிருந்தோம், உன் முகம் சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி இருந்தது. எனக்குக் கேட்டது. அவள் உன் நெஞ்சில் காதை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு நிமிர்ந்து, "கிறிஸ்மஸ் கழியற வரைக்கும் இவர் கட்டில விட்டுக் காலைக் கீழ வெக்கக் கூடாது. அதுக்கு முன்னாடி இந்தத் தீவுப் படிக்கட்டெல்லாம் ஏறி எறங்க ஆரம்பிச்சாருன்னா, அடுத்த தடவை என்னைக் கூப்பிடாதீங்க, தச்சனைக் கூப்பிடுங்க" என்றாள். பக்கத்துப் பெரிய தீவுக்காரர்களுக்கு நாக்கு கொஞ்சம் நீளம். ஆனால் இதயத்தைப் படித்தவள். ஆகவே இந்தக் கடிதத்துக்கு ஒரே ஒரு வேலைதான். சனிக்கிழமைக் கப்பல் நீ இல்லாமல் வந்து சேர வேண்டும்.

இனி கதை. நீ விழுந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்காது, அதனால் மாமன் சொல்வதே வரலாறு. மாதாவின் விண்ணேற்புத் திருநாள், சப்பரம் கடற்கரைத் தெருவில் திரும்புகிறது, நீ முன்னால் தூபத்தோடு நடக்கிறாய். உன் முழங்கால் மடங்கியது. அந்தக் கணத்தில் கடல் நின்றது. அலை ஒன்று பாதி எழும்பி, கீழே விழலாமா என்று என்னைப் பார்த்துக் கேட்டது. கடற்காகங்கள் ஆணியடித்தாற்போல வானத்தில் தொங்கின. வாத்தியக் குழுவில் பெரிய குழல் ஊதுகிற பையன் ஊதிய கடைசிச் சுரம் இன்றுவரை அந்தக் குழலுக்குள்ளேயே சிக்கிக் கிடக்கிறது. குலுக்கினால் சத்தம் கேட்கிறது. நான் பறந்து வந்து உன்னைப் பிடித்தேன். பறந்தேன் என்றால் பறந்தேன். முழங்காலைக் கேட்டுப் பார்.

அப்புறம்தான் டாக்டரம்மா அந்தக் கேள்வியைக் கேட்டாள். "இந்த மனுஷன் கடைசியா எப்ப மத்தியானம் படுத்துத் தூங்கினாரு?" ஊரே கூடி நின்றது. எல்லாரும் தங்கள் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏதோ அன்றைக்குத்தான் எல்லாரும் புதுச் செருப்பு வாங்கியதுபோல.

நம் ஊரில் மதியச் சாப்பாட்டுக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் ஒருவர் கதவை ஒருவர் தட்டுவது எப்பேர்ப்பட்ட குற்றம் என்று உனக்குத் தெரியும். களவைக்கூட மன்னிப்பார்கள், அதை மன்னிக்கமாட்டார்கள். என் தாத்தாவின் தாத்தா காலத்தில் கடற்கொள்ளைக்காரர்கள் ஒரு மத்தியான வேளையில் வந்திறங்கி, ஊர் முழுக்கத் தூங்குவதைப் பார்த்துக் கூச்சப்பட்டு, ஒரு ஆலிவ் மரத்தடியில் ஐந்து மணிவரை காத்திருந்தார்கள். காத்திருந்ததில் அவர்களும் தூங்கிப்போனார்கள். இன்றைக்கு மேலத்தெருவில் இருக்கிறவர்கள் அத்தனை பேரும் அவர்கள் வாரிசுகள்தான்.

அப்படிப்பட்ட ஊரில் ஒரு மனிதன் தூக்கமில்லாமல் விழுந்தால் விசாரணை வைக்காமல் விட முடியுமா? உன்னைப் படகில் ஏற்றி அனுப்பிய மறுநாளே பெரினாவின் மளிகைக் கடையில் விசாரணை மன்றம் கூடியது. நீதிபதி நான். உப்பிட்ட மத்தி மீன் பீப்பாய் மேல் அமர்ந்து, தராசுக் கல்லை மேசையில் தட்டினேன். உண்மை வெளிவராமல் ஒருவரும் ரொட்டி வாங்கக் கூடாது என்று அறிவித்தேன்.

முதலில் பெரினாவே உடைந்தாள். "நான் போயிருக்கேன் அண்ணே. சிட்னியில இருக்கற பையன் போன் பண்ணலைன்னா சாமிகிட்டதானே சொல்ல முடியும்? ஆனா நான் மட்டுந்தான். ரெண்டே நிமிஷம். கடை மூடியிருக்கறது அந்த நேரந்தானே?" என்றாள்.

படகுக்கார வித்ஸ்கோ தொப்பியைக் கழற்றினான். "நீயும் போனியா? நான் மட்டுந்தான் போறேன்னுல்ல நெனச்சேன்! படகு சும்மா கெடக்கறதே அந்த நேரந்தான். பொண்டாட்டியும் தூங்குவா. அவளப் பத்தி அவ காதுல விழாம வேற எப்ப பேசறது?"

அவ்வளவுதான். மடை உடைந்தது. கடையில் நின்ற ஒவ்வொருவரும் "நான் மட்டுந்தான்", "ரெண்டே நிமிஷம்" என்றார்கள். தபால்காரன் அவனும்தான் என்றான். நீதிபதியின் பெயரையும் யாரோ சொன்னார்கள். மன்றம் அதைப் பதிவு செய்யவில்லை. எல்லாருக்கும் ஒரே கணக்கு. அந்த நேரத்தில் தெருவில் ஈ காக்கை இருக்காது, யார் கண்ணிலும் படாமல் மனசைக் கொட்டிவிட்டு வரலாம். இதில் ஒன்றை மட்டும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அக்கம்பக்கத்தார் தூக்கம் கலைந்துவிடுமே என்று அவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலில் பூனைபோல நடந்து வந்து, உன் கதவைத் தட்டியிருக்கிறார்கள்.

"சாமி தூங்குவாருன்னு உங்களுக்குத் தோணவே இல்லையாடா?" என்று கேட்டேன். வித்ஸ்கோ அழுதுவிடுவான்போல இருந்தான். "தட்டுன ஒடனே தொறப்பாரே அண்ணே. அதுவும் சிரிச்ச மொகமா. தூங்கற ஆளு அப்படித் தொறப்பாரா? சாமியாருங்களுக்கு மத்தியானத் தூக்கம் இல்ல போலன்னு விட்டுட்டோம்" என்றான்.

இதைச் சிரிப்பதற்காக எழுதவில்லை, லோவ்ரே. இல்லை, சிரிப்பதற்காகவும்தான் எழுதினேன். ஆனால் அன்று பீப்பாய் மேல் உட்கார்ந்தபோது எனக்கு வேறொன்று தோன்றியது. தட்டியவர்கள் ஊர் முழுக்க. ஆனால் திறந்தவன் நீ ஒருத்தன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நீ கலைந்த தலையோடு, கண்ணைக் கசக்கிக்கொண்டு, "தூங்கிட்டு இருந்தேன், அஞ்சு மணிக்கு வாங்களேன்" என்று சொல்லியிருந்தால் ஊர் வெட்கத்தில் செத்திருக்கும். அந்தச் செய்தி ஒரு மணி நேரத்தில் கலங்கரை விளக்கம்வரை போயிருக்கும். நீ சொல்லவில்லை. சட்டைப் பொத்தானை மேல்வரை போட்டுக்கொண்டு, அந்தச் சிரிப்பையும் போட்டுக்கொண்டு திறந்தாய். அதை அன்பு என்று நீ நினைத்தாய். அன்புதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதில் ஒரு சிட்டிகை வீம்பும் கலந்திருந்தது. இந்தக் கடலில் மிதவை ஒன்றுதான், அது நீதான் என்கிற வீம்பு. தாய்மாமன் என்பதால் சொல்கிறேன், வேறு யார் சொல்வார்கள்?

வித்ஸ்கோ அன்று கடையை விட்டுப் போகும்போது ஒரு பேச்சுப் பேசினான். "ஏசு ஆண்டவரே படகுல தூங்கினாரு அண்ணே, தலைக்குத் தலையாணி வெச்சுகிட்டு. பின்பக்கத்துலதான் படுத்திருப்பாரு. அங்கதான் தண்ணி அடிக்காது. எடம் பாத்துப் படுத்திருக்காரு பாருங்க. எத்தன பேருக்குச் சொகம் பண்ணிட்டு வந்த அலுப்பு அது!" உன் குருமடத்தில் யாரும் உனக்கு இப்படிப் பிரசங்கம் வைத்திருக்கமாட்டார்கள்.

அன்றிலிருந்து நீ குடியிருந்த பங்குமனை தூங்குகிறது. ஆம், வீடு. ஆளில்லாத வீடு. ஊர்ச்சட்டம் போட்டாகிவிட்டது: மதியம் அந்தத் தெருவில் இருமக் கூடாது, வாளியைச் சத்தமாக வைக்கக் கூடாது, நாய் குரைத்தால் நாயின் சொந்தக்காரர் மன்னிப்புக் கேட்க வேண்டும். வித்ஸ்கோ துறைக்குள் வரும்போது இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் துடுப்பு போட்டு வருகிறான். சென்ற மாதம் ஒரு ஜெர்மன்காரர் கோயில் திறந்திருக்குமா என்று கேட்க உன் கதவைத் தட்டப்போனார். பெரினா கையில் துடைப்பத்தோடு ஓடிவந்து அவரைக் கடற்கரைவரை துரத்தினாள். "உள்ள ஆளே இல்லையேம்மா" என்று அவர் சைகையில் கேட்டதற்கு, "ஆளு இல்லைன்னா வீடு தூங்கக் கூடாதா?" என்றாளாம். நேற்று நான் சன்னலில் காதை வைத்துக் கேட்டேன். மெல்லிய குறட்டை. உத்தரக்கட்டை இரண்டு, ஒன்று உள்ளிழுக்கிறது, ஒன்று வெளிவிடுகிறது.

இத்தோடு விட்டார்களா? உனக்கு ஓய்வு சரியாகக் கிடைக்கிறதா என்று நேரில் வந்து பார்த்துவிடத் தீர்மானித்தார்கள். வித்ஸ்கோவின் படகில் ஊர் மொத்தமும். உலர்த்திய பன்றித் தொடை, ஆட்டுப்பால் கட்டி, அத்திப்பழம், போன திருவிழாவில் மிச்சமான பாட்டு எல்லாம் எடுத்துக்கொண்டு. "நாங்க ஒரு வார்த்த பேசமாட்டோம் அண்ணே, கட்டிலச் சுத்தி நின்னு அவரு தூங்கறதப் பாத்துட்டு வந்துடறோம்" என்றாள் பெரினா. நான் துறைமுகக் கல்லில் நெடுஞ்சாண்கிடையாகப் படுத்துப் படகின் கயிற்றை என் காலில் கட்டிக்கொண்டேன். அப்படித்தான் உன் தூக்கம் காப்பாற்றப்பட்டது. முழங்காலின் கடிதத்தில் இதைப்பற்றி விவரம் இருக்கும்.

நீ கேட்பாய்: சரி, அப்படியானால் வேலை? நோயாளிகள்? துக்கப்படுகிறவர்கள்? அதைச் சொல்கிறேன். இது உனக்குக் கொஞ்சம் வலிக்கும். பெரிய தீவுச் சாமி ஒன்று விட்டு ஒரு ஞாயிறு வந்து பூசை வைக்கிறார். மற்ற ஞாயிறுகளில் நாங்களே செபமாலை சொல்கிறோம். வித்ஸ்கோ செபம் சொல்வது இயந்திரத்தைக் கிளப்புவது மாதிரி. இழுக்கிறான், இருமுகிறது, திரும்ப இழுக்கிறான், கடைசியில் எப்படியோ ஓடிவிடுகிறது. உன்னிடம் கொண்டுவந்து கொட்டியதையெல்லாம் இப்போது ஒருவரிடம் ஒருவர் கொட்டுகிறார்கள். ஐந்து மணிக்கு மேல்தான். வித்ஸ்கோ தன் மனைவியைப் பற்றிப் பெரினாவிடம் சொன்னான். பெரினா அதைக் கேட்டுவிட்டு அவனைத் திட்டினாள். நீ ஒருநாளும் திட்டியதில்லை. அவனுக்கு அது தேவையாக இருந்தது என்று தோன்றுகிறது; மனைவியோடு கைகோத்துக் கடற்கரையில் நடப்பதைக் கண்ணால் பார்த்தேன். பெரினாவின் மகன் போன் பண்ணாத ஞாயிறுகளில் வித்ஸ்கோவின் மனைவி அவள் கடையில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். பட்டாணி உரிக்கிறாள்.

உன் இடத்தை ஒருவரும் நிரப்பவில்லை, நினைவில் வை. உன் இடம் ஓட்டையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஓட்டை வழியாக ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிகிறது. நீ நடுவில் நின்றவரை தெரியவில்லை.

இப்போது குஸ்மா. பேனாவை ஒரு நிமிடம் கீழே வைத்துவிட்டு எடுத்திருக்கிறேன்.

அக்டோபர் கடைசியில் தெற்குக் காற்று பிடித்தது. எப்படிப்பட்ட காற்று என்று உனக்குத் தெரியும். கப்பல் வரவில்லை, மீன்பிடிப் படகுகளைக் கரைமேல் இழுத்துப் போட்டுவிட்டோம். அந்த நாட்களில்தான் குஸ்மாவின் நெஞ்சில் தண்ணீர் கோத்துக்கொண்டது. வாழ்நாள் முழுக்கப் படகு இயந்திரங்களின் புகையைக் குடித்த நுரையீரல். பெரிய தீவுச் சாமிக்குச் சொல்லி அனுப்பினோம். அவர் அந்தத் தீவின் துறைவரை வந்து, படகுக்காரர்கள் ஒருவரும் துணியாததால் திரும்பிப் போனார். டாக்டரம்மா தொலைபேசியில் சொன்னபடி நாங்கள் செய்தோம். அவளாலும் வர முடியவில்லை.

மூன்றாம் நாள் மதியம் குஸ்மாவின் மனைவி யெல்கா என்னைக் கூப்பிட்டு விட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. "அண்ணே, சாமிக்குப் போன் பண்ணுங்க. கம்யூனிஸ்ட் கட்சிக்காரரு, கோயில் வாசல மிதிக்காதவரு, எல்லாஞ் சரி. ஆனா 'நான் கூப்பிடறப்ப நீ வா, அதுவரைக்கும் சும்மா சீட்டாடு'ன்னு லோவ்ரேகிட்ட ஒருநாள் சொன்னாரு. அந்த நேரம் வந்துடுச்சு" என்றாள். எனக்கும் தெரியும். ஒவ்வொரு வியாழக்கிழமையும் நீ அந்த வீட்டுக்குப் போய்ச் சீட்டாடியது எதற்காகக் காத்திருந்து என்று எனக்குத் தெரியாதா? நான் மடத்து எண்ணைச் சுழற்றத் தொடங்கினேன்.

கட்டிலிலிருந்து குஸ்மா கேட்டார்: "டேய் மணியடிக்கிறவனே, யாருக்குப் போன்?"

லோவ்ரேக்கு என்றேன்.

"அவன் இப்ப என்ன பண்ணிட்டு இருப்பான்?"

மத்தியானம், தூங்கிக்கொண்டிருப்பான் என்றேன்.

அப்போது அவர் பேசினார் பார், உன் ஆயர்கூட அப்படிப் பேசியதில்லை. "வெய்யிடா கீழ. கூப்பிட்டா அந்தக் கிறுக்கன் இந்தக் காத்துல எவன் படகையாவது திருடிக்கிட்டு வந்து சேருவான். இன்னைக்கு நானும் போயி, நாளைக்கு அவனும் போயி, ஒரே குழியில ரெண்டு பேரா? எனக்கே எடம் பத்தாது. அவன் எத்தன வருஷம் எனக்காகக் காத்திருந்தான்? இப்ப நான் அவனுக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன்னு மேல போயி அவன் ஆளுங்ககிட்டயே சொல்லிக்கறேன். மூணு மணிக்கு ஒருத்தன் கதவத் தட்டற பாவம் என் கணக்குல வேணாம். தூங்கட்டும்."

நான் கீழே வைத்தேன்.

நீ கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். பாவசங்கீர்த்தனம் இல்லை. சாகிறவர்களுக்குச் செய்யும் எண்ணெய் பூசுதல் இல்லை. இங்கே மட்டும் நான் ஒரு அணுவும் கூட்டமாட்டேன். யெல்கா தன் செபமாலையை அவர் கையில் வைத்தாள், அவர் அதைத் தள்ளிவிடவில்லை. பெரினாவும் வித்ஸ்கோவும் வந்து முழந்தாளிட்டார்கள். என்னைச் செபம் சொல்லச் சொன்னார்கள். இத்தனை வருடம் கோயில்பிள்ளையாக இருந்தவனுக்கு அந்த நேரத்தில் வாயில் வந்தது சாப்பாட்டுக்கு முன் சொல்லும் செபம். யாரும் சிரிக்கவில்லை. "நீர் எங்களுக்குத் தரவிருக்கும் இந்த உணவுக்காக" என்று முடிக்கும்வரை எல்லாரும் கூடவே சொன்னார்கள். குஸ்மாவின் உதடும் அசைந்தது. அதற்கு என்ன பொருள் என்று நீதான் படித்திருக்கிறாய், நான் படிக்கவில்லை. காற்று சன்னலை ஆட்டிக்கொண்டே இருந்தது. ஐந்து மணிக்கு முன்பே அவர் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் யெல்கா என்னை உள்ளே கூப்பிட்டு ஒரு துண்டைக் காட்டினாள். பழைய சமையலறைத் துண்டு, நீலக் கோடு போட்டது. வியாழக்கிழமைகளில் என்ன நடந்தது என்று அப்போதுதான் சொன்னாள். நீ போய் உட்காருவாயாம். சீட்டு போட்டுக் கொஞ்ச நேரத்துக்குள் உனக்குக் கண் சொருகிவிடுமாம். கையில் விரித்த சீட்டோடு அப்படியே தூங்குவாயாம், கண்ணாடியில் முகம் பார்க்கிற மாதிரி சீட்டெல்லாம் குஸ்மாவுக்குத் தெரியும்படி. அதனால்தான் அந்த மனிதர் ஒரு ஆட்டம்கூடத் தோற்றதில்லை. ஆனால் அவருக்கு இருமல் வருமே. நீ விழித்துவிடக் கூடாதென்று அந்தத் துண்டைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, இருமலை உள்ளேயே அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். யெல்கா சுவர்க்கடிகாரத்தை நிறுத்தி வைப்பாளாம். நீ விழிக்கிற நேரத்தில் அவர் சீட்டை மேசையில் அடித்து, "எறங்குடா சாமி, தோத்துட்ட" என்பாராம். நீயும் கண்ணசந்ததே தெரியாமல் சிரிப்பாயாம்.

அந்த வீட்டுக்கு நீ ஊழியம் செய்யப் போனாய் என்று நினைத்துக்கொண்டிருந்தாய். இந்தத் தீவில் உனக்குத் தூக்கம் கொடுத்த ஒரே வீடு அதுதான், லோவ்ரே.

ஆகவே இப்போது நீ என்ன செய்யப்போகிறாய்? சனிக்கிழமை வந்து அவர் கல்லறையில் நின்று மன்னிப்புக் கேட்கப்போகிறாயா? எதற்கு? அவர் கஷ்டப்பட்டுக் காத்த உன் தூக்கத்தை நீயே போட்டு உடைத்ததற்கா? வேண்டாம். அங்கேயே இரு. துறவிகள் கொடுக்கும் சூப்பைக் குடி, அவர்கள் சமையல் மோசமாகத்தான் இருக்கும். மதியம் படுத்துத் தூங்கு. எவனாவது தட்டினால் திறக்காதே. திறக்க வேண்டியிருந்தால் கலைந்த தலையோடு திற.

கல்லறைத் திருநாளன்று உன் அம்மாவுக்கு மஞ்சள் செவ்வந்தி வைத்தேன். காற்று பாதியைக் கொண்டுபோயிற்று. அக்காளுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் படுக்க இடம் இருக்கிறது, உனக்குத் தெரியும். அது எனக்கு. வரிசையில் மூத்தவன் நான். நடுவில் புகுந்து இடம் பிடிக்கிற பழக்கம் நம் குடும்பத்தில் கிடையாது. உன் அம்மாவிடம் போய் நான் முதலில் உட்கார்ந்து பேச வேண்டியது நிறைய இருக்கிறது. அதற்குப் பிறகு, வெகு காலத்துக்குப் பிறகு, நீ வா.

குருவானவருக்கு ஆசீர் கொடுக்க மணியடிக்கிறவனுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் தாய்மாமனுக்கு உண்டு. அதை ஆயர் பறிக்க முடியாது. உன் தலையில் இங்கிருந்தே கை வைக்கிறேன். நெஞ்சு ஒழுங்காகத் துடிக்கட்டும். தூக்கத்தில் ஒரு முகமும் வந்து உன்னைக் கூப்பிடாமல் இருக்கட்டும். கிறிஸ்மஸ் கழிந்து, வெயில் ஏறிய ஒரு நாளில், கன்னத்தில் சதையோடு நீ கப்பல் படியில் இறங்குவதைப் பார்க்க இந்தக் கண் இரண்டையும் ஆண்டவர் விட்டுவைக்கட்டும்.

என்றும் உன் அம்மாவின் தம்பியும், உன் மணியோசையும்,
பார்துல்.

பி.கு.: உறையை ஒட்டப்போனேன், மனசு கேட்கவில்லை. கடல் நிற்கவில்லை. நான் பறக்கவில்லை, பாதி தூரத்திலேயே விழுந்தேன், உன்னைப் பிடித்தது வித்ஸ்கோ. பங்குமனை குறட்டை விடுவதில்லை, ஓட்டுக்குள் புறா இருக்கிறது. துடைப்பம் பெரினாவுடையது அல்ல. குஸ்மாவும் அவ்வளவு பேசவில்லை. அந்த மனிதருக்கு அதற்கு மூச்சு ஏது? நான் எண்ணைச் சுழற்றும்போது கையை நீட்டித் தொலைபேசியை அமுக்கினார், என் முகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். பேச்சை உனக்காக நான் எழுதினேன்.

துண்டு மட்டும் நிஜம். நேற்று யெல்கா அதைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். ஓரத்தில் பல் பதிந்த இடம் அப்படியே இருக்கிறது.